ராவுத்தர் பிளசரும் எங்கள் வீட்டு அடுப்படியும்

மோட்டார் மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று தடவையும் காபி குடித்தார். ‘இளைய தலைமுறைக்கு ஒரு செய்தி’ என்று தலைப்பையும் அவரே முடிவு செய்துவிட்டார். என்னிடம் செய்தி எதுவும் கிடையாது. ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் கதை இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன், பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்துக்கு டயர்க் கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

போன மாதம் என் மருமகன் காரில் ஸ்டார்ட்டர் போய்விட்டது. பட்டறையில் பழையதை அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து புதியதை எடுத்து மாட்டிவிட்டார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. “மாமா, உங்க காலத்துல இதுக்கு என்ன செய்வீங்க?” என்று மருமகன் கேட்டார். என்ன செய்வோமா? நான் ஒரு ஸ்டார்ட்டரைப் பிரித்து மாட்டப் போய், வேலையே போகிற அளவுக்கு வந்து, ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். அட்டைப்பெட்டி ரொம்ப நல்ல சாமான் என்பதுதான் என் அபிப்பிராயம்.

என் படிப்பைப் பற்றி இரண்டு வரி போதும். திண்டுக்கல்லில் ஒரு பஸ் ஷெட்டில் நாலு வருஷம் இருந்தேன். முதல் வருஷம் கழுவினேன், இரண்டாம் வருஷம் கழற்றினேன், மூன்றாம் வருஷம் மாட்டினேன், நாலாம் வருஷம் கையில் எதுவும் மிச்சமாகாமல் மாட்டினேன். அதற்குப் பிறகு ஐம்பதுகளின் கடைசியில் கோடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு தனியார் பட்டறையில் சேர்ந்தேன். தற்காலிகம்தான். ஒரு வருஷம் பார்த்துவிட்டு, போர்மேன் மதுரையில் இருந்த முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்தில் நல்லபடியாக இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் பழனி.

பழனி என்றால் முருகன் இல்லை, என் மாமனார். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். அவருக்கு மூன்று பெண்கள். மூத்த மருமகன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேலையை விட்டுவிட்டு வந்து, பலகையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போகும்போதெல்லாம் மாமனார், “மூணாவது பலகை சும்மாதான் கெடக்கு மாப்ளே, எப்ப வந்தாலும் ஒக்காரலாம்” என்று அன்போடு சொல்வார். அந்த அன்புக்குப் பயந்தே நான் பழனிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். என் மனைவி பாக்கியத்துக்கும் அங்கே போக இஷ்டமில்லை. வாயும் வயிறுமாக இருந்தாள். இரண்டு அக்காக்களோடு ஒரே அடுப்படியில் நின்று வளர்ந்தவள், தனக்கென்று ஓர் அடுப்படி கிடைத்ததை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஆக, அந்தக் கடிதத்தின் மேல்தான் எங்கள் குடும்பமே நின்றது.

கடிதம் எழுத வேண்டிய போர்மேன் தேவசகாயம் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையில் வெள்ளைச் சட்டை போட்டு, முழுக்கையை மணிக்கட்டு வரை பித்தான் மாட்டியிருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். கருவியைத் தொட மாட்டார், காதைத்தான் கொடுப்பார். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாரென்றால், உள்ளே எந்த வால்வு மூச்சுவிடுகிறது என்று சொல்லிவிடுவார்.

மற்ற மேலதிகாரிகளுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். இவருக்குக் கூடும். மனசு குளிர்ந்திருந்தால் “ஏலே, அந்த ஸ்பேனரை எடு” என்பார். கொஞ்சம் முகம் சுளித்தால் “தம்பி” ஆகிவிடுவோம். “வாங்க, உக்காருங்க” என்று சொல்லிவிட்டால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம். எனக்கு முன்னால் இருந்த ஒருவனை ஒருநாள், “டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அவன் டீக்குக் காத்திராமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டானாம்.

அவர் வைத்திருந்த சட்டங்களில் பெரியது ஒன்று. பட்டறை ஆள் எவனும் வெளி வண்டியை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்றைக்கே கணக்கு முடிந்தது. “வீட்டுல வேலை பாத்தா வீட்டுலயே இருந்துக்கோ” என்பார்.

இனி ராவுத்தர். சிக்கந்தர் ராவுத்தர் பஜாரில் உருளைக்கிழங்கும் பூண்டும் மொத்த வியாபாரம் செய்தவர். அவர் வீட்டின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். நல்ல மனுஷர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. கறுப்பாக ஒரு பழைய சீமைப் பிளசர் வைத்திருந்தார். கார் என்று அவர் சொல்ல மாட்டார், பிளசர்தான். அதில் ஸ்டார்ட்டர் செத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். கோடைக்கானலில் அப்போது யாரும் ஸ்டார்ட்டரை நம்பிப் பிழைக்கவில்லை. நிறுத்தும்போதே வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கல் கொடுத்துவிடுவார்கள். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும். வேகம் பிடித்ததும் கிளச்சை விட்டால் எஞ்சின் எழுந்துவிடும். வீடு வாடகைக்குப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன், வாசலில் சரிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் பழக்கத்தினால் ஊரில் பாதி வண்டிகளின் ஸ்டார்ட்டர் செத்துப்போய் அடக்கம் பண்ணப்படாமல் கிடந்தது. மலையிறங்கிச் சமதரையில் நிறுத்தும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ராவுத்தருக்கு அது ஒட்டன்சத்திரத்தில் வெளியே வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, மானம் போச்சு.”

“என்னாச்சுங்க ராவுத்தரய்யா?”

“மகளுக்குச் சம்பந்தம் பேச ஒட்டஞ்சத்திரம் போனோம்ல. கமிஷன் மண்டிக்காரர் வீடு. பேச்செல்லாம் நல்லபடியா முடிஞ்சு, சாப்பிட்டு, வாசல்ல எல்லாரும் நின்னு வழியனுப்புறாக. நான் பிளசர்ல ஏறிப் பொத்தானை அமுக்குறேன். ‘டிக்’குங்குது. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்குது.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன? மாப்பிள்ளதான் தள்ளுனாரு.”

உள்ளே பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. ராவுத்தர் காதில் விழவில்லை. அவர் தொடர்ந்தார்.

“திங்கக்கிழமை நான் போயி அவுகளைக் கூட்டியாரணும். புதங்கிழமை காலையில ஏரியைச் சுத்திக் காட்டுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“ஏரி ரோடு சமமால்ல கெடக்கும்?”

“அதுக்குத்தான தம்பி உங்ககிட்ட வந்து நிக்கேன்!”

பட்டறைக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பட்டறையில் தேய்ந்துபோன ஸ்டார்ட்டரை மதுரைக்கு அனுப்புவோம், திரும்பி வர மூன்று வாரம் ஆகும். போர்மேனின் சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன். ராவுத்தர் நிமிர்ந்து எங்கள் கூரையைப் பார்த்தார். “போன மழைக்கு ஒழுகுதுன்னு சொன்னீகள்ல, ஓடு மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்” என்றார். எங்கள் வீட்டில் படுக்கிற இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுகியது.

“ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கீங்க. செஞ்சு குடுங்க” என்று பாக்கியம் உள்ளிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு வெள்ளனே எழுந்து, பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி, இரண்டு போல்ட்டை எடுத்து, ஸ்டார்ட்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தேன். கைக்குழந்தை கனம் இருந்தது. பட்டறை பக்கத்து ஆள் எவனாவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று பயந்து, எதற்கும் இருக்கட்டுமென்று சாக்கின் மேல் கொஞ்சம் முட்டைக்கோஸ் இலையைப் போட்டிருந்தேன்.

அடுப்படியில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். சங்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் மற்றவர்களும் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் என்பது ஓர் உருளைக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் இருக்கும். அந்தச் செம்பின் மேல் கரிக்கட்டை போன்ற பிரஷ்கள் உரசி மின்சாரத்தைக் கொடுக்கும். மறுமுனையில் ஒரு திருகுத் தண்டு, அதில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். பொத்தானை அமுக்கினால் தண்டு சுற்றும், பினியன் திருகின் மேல் முன்னால் ஓடிப்போய் எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கவ்விச் சுற்றிவிடும். எஞ்சின் எழுந்ததும் தானாகப் பின்னால் ஓடி வந்துவிடும்.

ராவுத்தர் ஸ்டார்ட்டரில் பிரஷ்கள் அடிவேர் வரை தேய்ந்திருந்தன. ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிக்கப் பாக்கியத்தின் கொண்டை ஊசி உதவியது. திண்டுக்கல்லிலிருந்து கொண்டுவந்த பஸ் பிரஷ் நாலு என் பெட்டியில் கிடந்தது. ஆனால் அது அளவில் பெரிது. அரத்தால் தேய்த்தால் ஓரம் உடையும். வழவழப்பாக இழைக்க ஒரு கல் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே நல்ல கல் அம்மி.

“அதுல கைய வச்சீங்கன்னா பாத்துக்கோங்க” என்றாள் பாக்கியம்.

“அடிப்பக்கம் புள்ள. கவுத்துப் போட்டுத் தேய்க்கிறேன்.”

அடிப்பக்கமாகவே தேய்த்தேன். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை வரைக்கும் துவையல் ஒரு மாதிரி சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

செம்புப் பட்டையைக் கண்ணாடிப்பொடி ஒட்டிய தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். உப்புத்தாள் கூடாது, அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கெடுத்துவிடும். பட்டைகளுக்கு இடையே மின்சாரம் தாண்டாமல் தடுக்கிற மைக்காவை உடைந்த ரம்பத் துண்டால் கீறி, செம்பின் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். முனையில் தண்டைத் தாங்குகிற புஷ் என்ற வளையம் தேய்ந்துபோய் ஆர்மேச்சர் ஓரத்தில் உரசியிருந்தது. அதற்கு என்னிடம் புது புஷ் இருந்தது. தேய்ந்துதான் இருக்கும் என்று முந்தின நாள் ராத்திரியே அதை எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்டிருந்தேன், ரசக் கிண்ணத்தில். அந்தக் கிண்ணத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று பாக்கியம் இப்போதும் சொல்கிறாள்.

மிச்சமிருந்தது ஈரம். வருஷக் கணக்காகப் பனியில் கிடந்ததில் ஆர்மேச்சரின் சுருள் பூராவும் ஈரம் கோத்திருந்தது. இட்லி இறக்கியதும் தணலைப் பரப்பி, அதன் மேல் மணல் போட்ட சட்டியை வைத்து, மணலில் ஆர்மேச்சரை நிறுத்தினேன். அவ்வப்போது பெரிய கண்ணாடி டம்ளர் ஒன்றை அதன் மேல் கவிழ்த்துப் பார்ப்பேன். உள்ளே ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் ஆவி படிவது நின்றது. இது யாரும் சொல்லித் தந்ததில்லை, அன்றைக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்து எனக்குத் தோன்றியது.

பினியனையும் திருகையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அடுப்போரம் காய வைத்தேன். அதற்கு ஆயில், கிரீஸ் எதுவும் கூடாது. உலர்ந்து இருந்தால்தான் திருகில் ஓடும். எல்லாம் காயட்டும் என்று குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்து அப்படியே எடுத்து மாட்டிவிட்டேன். அரைமணி நேரம் அந்தப் பினியன் அடுப்படியில் பாக்கியத்தோடு தனியாக இருந்தது என்பதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

சாயங்காலம் வண்டியில் மாட்டி, ராவுத்தரை அமுக்கச் சொன்னேன். கறுக்கென்று கவ்வியது, எஞ்சின் எழுந்தது. ராவுத்தர் அணைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும். பஜாரில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். “உருட்டாமலே கெளம்புதே!” என்று ஒருவர் அதிசயப்பட்டார். எனக்குக் கிரீடம் வைத்தாற்போல் இருந்தது. பட்டறைக்குச் செய்தி போய்விடுமே என்ற பயமும் கூடவே வந்தது, ராவுத்தரைக் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை ராவுத்தர் பழக்கதோஷத்தில் கல்லை எடுத்துவிட்டு உருட்டித்தான் கிளப்பினார். மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாக ஒட்டன்சத்திரம் போனார். அங்கே மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேண்டுமென்றே நாலு தடவை அணைத்து நாலு தடவை கிளப்பிக் காட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை சம்பந்தியையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தார். புதன்கிழமை காலையில் ஏரிக்குப் போனார்கள். சரியான தை மாதப் பனி. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் படகு, வேர்க்கடலை, வேடிக்கை என்று சுற்றிவிட்டு வந்து பொத்தானை அமுக்கினால், மோட்டார் ‘ர்ர்ர்’ரென்று தனியாகச் சுற்றுகிறது. எஞ்சின் அசையவில்லை. பினியன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

இந்தத் தடவை மாப்பிள்ளை மட்டும் இல்லை, சம்பந்தியும் சேர்ந்து தள்ளினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

ராவுத்தர் அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டார். வண்டி உள்ளே நுழைவதைப் பார்த்தேன். போர்மேன் அறையிலிருந்து வருவதற்குள் ஓடிப்போய் வண்டி ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன்.

“ராவுத்தரய்யா, நான்தான் பாத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேலை போயிரும்.”

“பொய் சொல்லச் சொல்றீகளா?”

“பொய் வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.”

ராவுத்தர் யோசித்தார். மடியிலிருந்து வெற்றிலை நாலைந்தை எடுத்து ஒன்றாகச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேச நினைத்தாலும் முடியாது.

போர்மேன் வந்தார். “என்ன குறை?” என்றார். ராவுத்தர் பொத்தானைக் காட்டினார். போர்மேன் அமுக்கினார். வெயில் ஏறிவிட்டது, ஓடி வந்த எஞ்சின் சூடாக இருந்தது. கறுக்கென்று கவ்வி, உடனே எழுந்துவிட்டது. “நல்லாத்தான இருக்கு?” என்றார். ராவுத்தர் தலையைப் பலமாக ஆட்டினார். “எப்ப நிக்குது?” வானத்தைக் காட்டி, தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டினார். போர்மேன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். “வண்டி இங்கயே இருக்கட்டும். காலையில பாப்போம்” என்றார்.

அன்றைக்கு நான் பாக்கியத்திடம் விஷயத்தைச் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணை மூடினால் மூன்றாவது பலகை தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைச் சுற்றி எல்லாரும் நின்றோம். ராவுத்தரும் புது வெற்றிலையோடு வந்துவிட்டார். அமுக்கினால் வெறும் ‘ர்ர்ர்’. போர்மேன் எதையும் படியேறிப் போகிற மாதிரிதான் பார்ப்பார். முதலில் பாட்டரி, பிறகு அதன் முனைகள், பிறகு எர்த் பட்டை, பிறகு கேபிள் சுடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது. விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அமுக்கச் சொல்லி, வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தார். கடைசியில் திருப்புளியைக் காதில் வைத்தார். “மோட்டார் நல்லாச் சுத்துது. கவ்வ மாட்டேங்குது. தம்பி முத்தையா, கழட்டுங்க.”

‘தம்பி’யும் ‘ங்க’வும் சேர்ந்தே வந்துவிட்டது. நான் மாட்டிய போல்ட்டை நானே கழற்றினேன். பேப்பரை விரித்து, நானே மூடியைத் திறந்தேன். போர்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார்.

“பிரஷ் புதுசு. பஸ் பிரஷ்ஷ இழைச்சிருக்கு. மைக்காவச் சுத்தமா இறக்கியிருக்கு. புஷ்ஷும் புதுசு.” புஷ்ஷை விரலால் தடவிப் பார்த்தார். “நல்ல கை. யாரு கை இது, ராவுத்தரே?”

ராவுத்தர் கன்னம் வீங்கக் கூரையைப் பார்த்தார்.

போர்மேன் பினியனைக் கையில் எடுத்தார். திருகின் இடுக்கில் வெள்ளையாக மெழுகு மாதிரி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், உருகியது. மோந்து பார்த்தார். இரண்டாம் தடவையும் மோந்து பார்த்தார்.

“தேங்காயெண்ண” என்றார். “கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினது. வெந்தயமும் இருக்கு.”

எழுந்து, எங்கள் வரிசைக்கு வந்தார். நாங்கள் நாலு மெக்கானிக். முதல் ஆளின் தலைக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்தார். “இல்ல.” இரண்டாவது ஆள். “இல்ல.” மூன்றாவது ஆள் மொட்டை, பழனியில் முடி இறக்கிவிட்டு வந்திருந்தான், அவனை மோக்காமலே தாண்டினார். என் முன்னால் வந்து நின்றார். நான் மூச்சையே விடவில்லை, தலைக்கு அது எப்படித் தெரியும்? மோந்தார்.

“வாங்க முத்தையா” என்றார். “உள்ள போய்ப் பேசுவோம்.”

அறையில் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க.” உட்கார்ந்தேன். “டீ குடிக்கிறீங்களா?” என்றார். முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்? ராவுத்தர், சம்பந்தம், ஒழுகுகிற கூரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன்.

அவர் சம்பந்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “எங்க வச்சுப் பிரிச்சீங்க?” என்றார்.

“அடுப்படிலய்யா.”

“பிரஷ்ஷ எதுல இழைச்சீங்க?”

“அம்மியில.”

“அம்மியிலயா? வீட்டுல விட்டாங்களா?”

“அடிப்பக்கம்யா.”

“ஆர்மேச்சர்ல ஈரம் இருந்திருக்குமே?”

மணல் சட்டியைச் சொன்னேன். ஈரம் போய்விட்டது என்று எப்படித் தெரிந்தது என்றார். கண்ணாடி டம்ளரைச் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து ஏதோ ஒரு தாளில் எழுதினார். என் கடிதம்தான் எழுதப்படுகிறது என்று நினைத்தேன்.

“பினியனுக்கு எண்ண வச்சது யாரு?”

“நான்தான்யா.”

“பொய் சொல்லாதீங்க முத்தையா. மைக்காவ அப்படி இறக்கத் தெரிஞ்சவன் பினியனுக்கு எண்ண வைக்க மாட்டான்.”

பினியன் காய்ந்த அந்த அரைமணி நேரம் அடுப்படியில் யார் இருந்தது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. “கேட்டுட்டு வந்து சொல்றேன்யா” என்றேன். “போய் பினியனக் கழுவி மாட்டிக் குடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. மத்தத அங்க பேசிக்கலாம்” என்றார்.

கழுவி, உலர்த்தி மாட்டினேன். அந்தக் குளிரிலேயே கறுக்கென்று கவ்வியது. ராவுத்தர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசினார். சம்பந்தி கோபித்துக்கொள்ளவில்லையாம். “தள்ளுனதுல குளிர் தெரியல” என்றாராம். நிக்காஹ் தேதியும் குறித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்தைக் கேட்டேன்.

“ஆமா, நான்தான் வச்சேன். அந்தத் திருகு வறவறன்னு காஞ்சுபோய்க் கெடந்துச்சு. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“திருகுக்கு யாராச்சும் தேங்காயெண்ண வைப்பாங்களா?”

“எங்க அப்பா கடையில வைப்பாங்களே.”

வாஸ்தவம். மாமனார் கடையில் டப்பா மூடியை அழுத்தி அடைக்கிற திருகு மிஷின் ஒன்று உண்டு. சாமி பிரசாதத்துக்குப் பக்கத்தில் மிஷின் ஆயில் கூடாது என்று அதற்குத் தேங்காயெண்ணெய்தான் போடுவார்கள். பழனி வெயிலில் அது உறையவே உறையாது. கோடைக்கானலில் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்தால்தான் தலைக்கே வைக்க முடியும். பிறந்த வீட்டில் கற்றதை மனசாரச் செய்திருக்கிறாள். நான் பினியனைத் துடைத்ததற்குப் பின் அவள் அதற்குத் தலைவாரிவிட்டிருக்கிறாள். பிறகு விஷயம் தெரிந்து அழுதாள். “நான் வந்து ஐயாகிட்டச் சொல்றேன். பலகையில போய் உக்கார வேண்டாம்” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். போர்மேனின் மனைவி எஸ்தர் டீச்சர் கதவைத் திறந்தார். “பின்னால அடுப்படில இருக்காரு, போங்க. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கலாம்னா கிளாஸு ஒண்ணும் கையில இல்ல” என்றார் எரிச்சலோடு.

உள்ளே போனோம். போர்மேன் ஐயா தரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையைக் காணோம், பனியனும் கைலியும். முழங்கை வரை கறுப்பு. எதிரே பேப்பர் விரித்து, ஒரு ஸ்டார்ட்டர் பிரித்துக் கிடந்தது. அடுப்பின் மேல் மணல் சட்டி. மணலில் ஆர்மேச்சர். அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார். “பங்குச் சாமியாரோட வண்டி” என்றார். “நாளைக்கு அஞ்சு ஊர்ல பூசை அவருக்கு. சாமியார் கேட்டா எப்படி இல்லங்கிறது?”

குடியிருக்கிற வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் எப்படி இல்லை என்பதாம்? அதை நான் கேட்கவில்லை. பாக்கியம் தான் வந்த காரியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் டம்ளரை அசைத்துத் தடுத்துவிட்டார். பக்கத்தில் நாலு பெரிய பிரஷ் இழைக்காமல் கிடந்தது.

“ஏலே முத்தையா, என்னத்த வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க? அம்மி அந்தா கெடக்கு. வெரசா வா. டீச்சர் பாக்குறதுக்குள்ள கவுத்துப் போடு.”

அந்த ‘ஏலே’ காதில் விழுந்ததும், பழனியில் எனக்காகப் போட்டிருந்த பலகையை மனசுக்குள் எட்டி உதைத்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அம்மியைப் புரட்டினேன். பாக்கியம் அடுப்போரம் இருந்த தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, யாருக்கும் எட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்தாள்.